அளந்து பேசிய மனிதர் மகலனோபிஸ்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று பேரவைச் செயலாளர் கேட்டார். கவிதை எழுதுகிற கூட்டம் ஏற்கெனவே பெரிசு. ஆகவே நான் ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்திய விஞ்ஞானி என்றதும் ராமானுஜன், சி.வி. ராமன் என்று நாம் கடகடவென்று சொல்வோம். பி.சி. மகலனோபிஸ் என்றால்? ஐந்தாண்டுத் திட்டங்களைப் பரீட்சைக்குப் படித்த சிலருக்கு மட்டும் பெயர் லேசாக ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு கணக்கில் சறுக்கி விழுந்த பிறகுதான் அவரைத் தேடிப் படித்தேன். அந்தச் சறுக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மையார்குப்பத்தில் எங்கள் மாமாவுக்கு ஐந்து விசைத்தறிகள். பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் ஒரு புதுப் பக்குவத்தை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் பழைய கஞ்சி, மறு வாரம் புதுக் கஞ்சி என்று ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு தறியிலும் நாளொன்றுக்கு எத்தனை மீட்டர் துணி இறங்கியது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தார். டிப்ளமோ படிக்கிற மருமகன் கணக்குப் போட்டுச் சொல்லட்டும் என்று நோட்டை என் கையில் கொடுத்தார்.

படிக்க எளிதாக முழு எண்களில் தருகிறேன். பழைய கஞ்சியில் ஐந்து தறிகளுக்கும் வரிசையாக 20, 26, 31, 23, 30 மீட்டர். புதுக் கஞ்சியில் அதே வரிசையில் 22, 27, 33, 25, 31 மீட்டர். சராசரி 26-லிருந்து 27.6 ஆகியிருக்கிறது. இந்த ஏற்றம் நிஜமா, தற்செயலா? அப்போதுதான் வகுப்பில் டி டெஸ்ட் முடித்திருந்தோம். இரண்டு தனித்தனிக் கூட்டங்களுக்கான சூத்திரத்தில் எண்களைப் போட்டேன். விடை 0.56. அட்டவணையில் பார்த்தால் 2.306-ஐத் தாண்ட வேண்டும். வித்தியாசம் ஒன்றுமில்லை, பழசே போதும் மாமா என்று சொல்லிவிட்டேன். படிச்ச பையனே சொல்லிட்டானே என்று அவரும் புதுக் கஞ்சியை நிறுத்திவிட்டார்.

கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனாலும் கணக்கு தப்பு. எங்கே தப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் மகலனோபிஸ் கதைக்கு வருவோம். என் தப்பு புரிவதற்கு அவர் கதை வேண்டும்.

ரயிலைத் தவறவிட்ட மாணவர்

பிரசந்த சந்திர மகலனோபிஸ் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்து 1912-இல் பட்டம் வாங்கினார். 1913-இல் இங்கிலாந்து போனார். லண்டனில் சேர்வதாகத்தான் எண்ணம். ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர் கடைசி ரயிலைத் தவறவிட்டார். இரவு நண்பர் ஒருவரின் இடத்தில் தங்கினார். கிங்ஸ் கல்லூரியின் தேவாலயம் மனத்தை இழுக்க, அங்கேயே சேர்ந்துவிட்டார். ஒரு ரயில் போனதில் ஒரு வாழ்க்கையே தடம் மாறியது!

அங்கேதான் நம்ம ராமானுஜன் அவருக்கு நண்பரானார். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ராமானுஜனின் அறைக்குப் போன மகலனோபிஸ், படுக்கையில் விரித்து மடித்திருந்த கம்பளிகளுக்கு அடியில் நுழைந்து படுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை என்று கண்டு, அதைச் சொல்லிக் கொடுத்தாராம். நம் ஊர்க்காரருக்குக் கம்பளியின் வித்தை எப்படித் தெரியும்? இன்னொரு நாள், 1914-இல், ஒரு பத்திரிகையில் வந்த வீட்டு எண் புதிரை மகலனோபிஸ் படித்துக் காட்டினார். அவர் நாலைந்து எண்களைப் போட்டுப் பார்த்து விடை கண்டிருந்தார். ராமானுஜனோ அடுப்பில் காய்கறியைக் கிளறியபடியே, அந்தப் புதிருக்கு மட்டுமல்லாமல் அதே மாதிரி புதிர்கள் அத்தனைக்கும் பொருந்துகிற தொடர் பின்னம் ஒன்றைச் சொன்னார். எண்களை மேதையைப் போலப் பார்க்கத் தன்னால் ஆகாது என்று மகலனோபிஸ் அன்றே உணர்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். அவர் பிடித்த வழி வேறு. அளந்து, சோதித்து, பிறகு பேசுவது.

கப்பலேறி வந்த புத்தகங்கள்

1915-இல் கேம்பிரிட்ஜ் படிப்பை முதல் வகுப்பில் முடித்தார். ஊருக்குக் கொஞ்ச நாள் வந்துபோக நினைத்தார். முதல் உலகப் போரால் கப்பல் தாமதமானது. காத்திருந்த நாட்களில், ஆசிரியர் மெக்காலே கல்லூரி நூலகத்திலிருந்த பயோமெட்ரிகா என்ற இதழைக் காட்டினார். கார்ல் பியர்சன் நடத்திய புள்ளியியல் இதழ் அது. மகலனோபிஸ் சொக்கிப்போய், வெளிவந்திருந்த தொகுதிகளை எல்லாம் விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார். பிரயாணத்திலேயே படிக்கத் தொடங்கினார். கல்கத்தாவில் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. திரும்பி இங்கிலாந்து போகவில்லை.

அந்நாளில் நம் நாட்டில் புள்ளியியலுக்கு என்று தனித் துறை கிடையாது. தானே படித்து, தானே செய்து பார்க்க வேண்டும். 1920-இல் நாகபுரி அறிவியல் மாநாட்டில் ஆனந்தேல் என்ற விலங்கியல் அதிகாரி, கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களை அளந்த அளவுகளை ஆராயும்படி கேட்டார். அவர்களின் உயரத்தைப் பற்றி 1922-இல் வந்த கட்டுரைதான் மகலனோபிஸின் முதல் புள்ளியியல் ஆய்வு. ஒரு கூட்டத்தின் சராசரி இன்னொரு கூட்டத்தின் சராசரியிலிருந்து வேறுபடுகிறதா என்ற கேள்வி அன்று அவரைப் பிடித்தது. கடைசிவரை விடவில்லை.

இடையில் நம் பக்கத்துப் பெருமை ஒன்று. 1888-இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1921-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியரானார். ஒரே நகரத்தில் ஒரே காலத்தில் அவர் தத்துவம் சொல்ல, இவர் எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வந்தபோது

சிவில் பிரிவு நண்பர்கள் இதைக் கவனிக்கவும். 1922-இல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம். வெள்ளத்தைத் தேக்கி வைக்கப் பெரும் செலவில் நீர்த்தேக்கப் படுகைகள் கட்டலாம் என்று பொறியாளர் குழு ஒன்று எண்ணியிருந்தது. அப்போது வானிலை அலுவலகப் பொறுப்பிலும் இருந்த மகலனோபிஸ், சுமார் ஐம்பது ஆண்டு மழை, வெள்ளக் குறிப்புகளை எடுத்து அலசினார். படுகைகளால் பயனில்லை, தண்ணீர் சீக்கிரம் வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார்.

1926-இல் ஒரிசாவில் பிராமணி ஆற்றில் வெள்ளம். ஆற்றின் அடித்தளம் மேடேறிவிட்டது, கரைகளை இன்னும் சில அடி உயர்த்த வேண்டும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். மகலனோபிஸ் சுமார் 60 ஆண்டு அளவுகளைச் சோதித்தார். அடித்தளம் ஏறியதற்கு ஆதாரமே இல்லை. மேல்பகுதியில் அணை கட்டித் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதே வழி என்றார். பின்னாளில் ஒரிசாவில் வந்த அணைத் திட்டங்களுக்கு அந்த ஆய்வு ஒரு அடித்தளம்.

சில ஆண்டு வெள்ளத்தை மட்டும் பார்த்தால் ஆறு மாறிவிட்ட மாதிரி கண்ணுக்குத் தெரியும். அது நிஜமான மாற்றமா, ஆண்டுக்கு ஆண்டு வழக்கமாக வரும் ஏற்ற இறக்கமா என்று கேட்பதுதான் கருதுகோள் சோதனை. வித்தியாசம் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். பிறகு, அப்படியிருந்தால் இவ்வளவு பெரிய மாற்றம் தற்செயலாக வருமா என்று பார்க்கிறோம். வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றால்தான் முதல் எண்ணத்தைக் கைவிடுகிறோம். இதில் தவறினால் மார்க் போவது மட்டுமில்லை. லட்சக்கணக்கில் பணமும் ஜனங்களின் வாழ்வும் போகும்.

நெல் வயலும் மதுபான ஆலையும்

1924 வாக்கில் மகலனோபிஸ் நெல் வயல் சோதனைகளின் பிழையளவை ஆராய்ந்தார். ஒரு பாத்தியில் ஒரு ரகம், பக்கத்துப் பாத்தியில் இன்னொரு ரகம். மண்ணின் வளமோ பாத்திக்குப் பாத்தி மாறும். விளைச்சல் கூடினால் அது ரகத்தாலா, மண்ணாலா? இதே சிக்கலை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் ஆர்.ஏ. ஃபிஷர் ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்த ஆய்வு இருவரையும் இணைத்தது. 1926-இல் மகலனோபிஸ் நேரிலே போய் அவரைச் சந்தித்தார். அந்த நட்பு நீண்டது. 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த புள்ளியியல் மாநாட்டுக்கு ஃபிஷரே வந்தார்.

இங்கே இன்னொருவரையும் நாம் நினைக்க வேண்டும். டப்ளின் நகரில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட். பார்லி சோதனைகளில் அவருக்குக் கிடைத்ததோ நாலைந்து அளவுகள்தான். பழைய முறைகளுக்கு நூற்றுக்கணக்கில் அளவுகள் வேண்டும். கையில் இருக்கிற கொஞ்ச அளவுகளிலிருந்தே திட்ட விலக்கத்தையும் கணக்கிட்டால், அந்தக் கணிப்பிலும் தடுமாற்றம் இருக்குமே, அதற்கு என்ன வழி என்று யோசித்து அவர் கண்டதுதான் டி டெஸ்ட்டின் வேர். 1908-இல் மாணவன் என்று பொருள்படும் ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் வெளியிட்டார். பேராசிரியராக இல்லாமல், தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர், மாணவன் என்று கையெழுத்துப் போட்டு உலகத்துக்குத் தந்த சூத்திரம் அது. டிப்ளமோ மாணவர்களாகிய நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

இரண்டு கூட்டம் என்றால் டி டெஸ்ட். மூன்று நான்கு ரகம் இருந்தால்? இரண்டிரண்டாக எடுத்து டி டெஸ்ட் போட்டுக்கொண்டே போகலாமே என்று நமக்குத் தோன்றும். போடக்கூடாது. ஒவ்வொரு சோதனையிலும் நூற்றுக்கு ஐந்து தடவை பொய்யான வித்தியாசம் தெரியலாம் என்று ஒப்புக்கொண்டுதான் நாம் சோதிக்கிறோம். மூன்று ரகத்துக்கு மூன்று ஜோடி, ஐந்து ரகத்துக்குப் பத்து ஜோடி. சீட்டு அதிகம் வாங்கினால் எதிலாவது பரிசு விழுகிற மாதிரி, சோதனை கூடக்கூடப் பொய் வித்தியாசமும் எங்காவது தலைகாட்டும். ஆகவே எல்லாக் கூட்டங்களையும் ஒரே தடவையில் சோதிக்க ஃபிஷர் தந்த முறைதான் அனோவா.

ஆனால் ஃபிஷர் அந்த விடையை மடக்கை வடிவில் இசட் என்ற அளவாகக் கொடுத்திருந்தார். நாம் படிக்கிற இசட் டெஸ்ட் வேறு, இது வேறு. வயலில் நிற்கிற விவசாய அலுவலர் மடக்கை போட்டுத் திண்டாடுவானேன் என்று மகலனோபிஸ் நினைத்தார். 1932-இல் விவசாய ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் குறிப்புகள் என்ற வரிசையில், மடக்கையில்லாமல் விகிதத்தை நேராகவே ஒப்பிடும்படி அட்டவணைகள் வெளியிட்டார். அந்த விகிதத்துக்கு அமெரிக்காவின் ஸ்னெடெகோர் ஃபிஷரின் நினைவாக எஃப் என்று பெயர் வைத்தது 1934-இல். நாம் இன்று புத்தகத்தின் பின்பக்கத்தில் புரட்டுகிற எஃப் அட்டவணைக்கு முன்னோடி ஒன்று கல்கத்தாவில் தயாரானது!

குருவோடு ஒரு கருத்து வேறுபாடு

1927-இல் மகலனோபிஸ் லண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். யாருடைய இதழைக் கப்பலேற்றி வந்தாரோ, அதே பியர்சன். மனிதக் கூட்டங்களை ஒப்பிட அவர் ஒரு குணகம் வைத்திருந்தார். அதில் ஒரு குறையை மகலனோபிஸ் கண்டார். எத்தனை பேரை அளக்கிறோமோ, அதற்கேற்ப அந்த எண்ணும் ஏறியது. இரண்டு கூட்டமும் ரொம்ப நெருக்கமாக இருந்தாலும் ஆயிரக்கணக்கில் அளந்தால் எண் பெரிதாகிவிடும். அப்போது அவை வெகுதூரம் விலகியவை போலத் தோன்றும்.

வித்தியாசம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி. முதலாவதற்குச் சோதனை, இரண்டாவதற்கு அளவை. இரண்டையும் குழப்பக்கூடாது என்பது மகலனோபிஸின் நிலை. பியர்சன் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர் சொல்லிவிட்டாரே என்று இவரும் அடங்கிப் போகவில்லை. 1930-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் தம் கட்டுரையை வெளியிட்டார். 1936-இல் அதை முழுமையாக்கினார். அதுதான் இன்றைக்கு உலகம் முழுவதும் மகலனோபிஸ் தூரம் என்று வழங்குகிறது. உயரம், தலையின் அகலம் என்று பல அளவுகளின் சராசரிகளை ஒன்றாக வைத்து, அளவுகளுக்குள் இருக்கும் உறவையும் கணக்கில் எடுத்து, இரண்டு கூட்டம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்லும். இன்று கம்ப்யூட்டரில் மோசடிப் பணப் பரிமாற்றத்தையும், கூட்டத்தோடு ஒட்டாத பழுதான பொருளையும் கண்டுபிடிக்கிற இடத்தில்கூட அது பயன்படுகிறது.

250 ரூபாய்க்குள் ஒரு நிறுவனம்

பிரசிடென்சி கல்லூரியில் அவருடைய அறையே ஆய்வுக்கூடமாக இருந்தது. 1931 டிசம்பர் 17-இல் கூடிப் பேசி, 1932-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். முதல் ஆண்டுச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. 1933-இல் சங்க்யா என்ற இதழ் தொடங்கியது. ஆர்.சி. போஸ், எஸ்.என். ராய் போன்ற கணித இளைஞர்கள் சேர்ந்தார்கள். 1941-இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் படித்த ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அவர்தான் 2023-இல் மறைந்த சி.ஆர். ராவ். 1955-56 வாக்கில் இந்தியாவின் முதல் கம்ப்யூட்டர்களில் ஒன்று வந்து இறங்கியதும் அங்கேதான். நிறுவனத்துக்கு இன்று சென்னையிலும் ஒரு கிளை உண்டு.

வங்காளத்துச் சணல் பயிரை 1937 முதல் மாதிரி முறையில் கணக்கெடுத்தார். ஒவ்வொரு வயலாக எண்ணாமல், சில இடங்களைச் சரியான முறையில் தேர்ந்து அளந்து மொத்தத்தைச் சொல்லும் முறை அது. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கு இதுவே வழிகாட்டி. 1945-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1968-இல் பத்ம விபூஷண் வந்தது.

1956-61 இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடிப்படை வரைவு அவருடையது. கனரகத் தொழிலுக்கு முதலிடம். துணி போன்ற அன்றாடப் பொருட்களைக் குடிசைத் தொழிலும் கைத்தறியும் தரட்டும் என்பது அதன் போக்கு. அது சரியா, உணவையும் விவசாயத்தையும் கவனிக்காமல் விட்டுவிட்டதா என்று பொருளாதாரம் படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவர் செய்ததெல்லாம் சரி என்று நானும் சொல்ல வரவில்லை. எந்தச் சராசரியையும் சோதிக்காமல் நம்பாதே என்று கற்றுத்தந்தவரின் திட்டத்தையும் சோதித்துப் பார்ப்பதுதான் முறை.

1972 ஜூன் 28-ஆம் தேதி, 79-ஆவது பிறந்த நாளுக்கு ஒருநாள் முன்னதாக அவர் காலமானார். 2007 முதல் ஜூன் 29 நம் நாட்டின் புள்ளியியல் தினம்.

மறுபடி மாமாவின் நோட்டு

இப்போது என் தப்புக்கு வருகிறேன். நெல் வயலில் பாத்திக்குப் பாத்தி மண் மாறுகிற மாதிரி, தறிக்குத் தறி ஓட்டம் மாறும். முதல் தறி கிழம், 20 மீட்டர்தான் இறக்கும். மூன்றாவது தறி 31 இறக்கும். நான் செய்தது என்ன? பத்து எண்களையும் ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு கூட்டம் என்று நினைத்துவிட்டேன். தறிகளுக்குள் இருந்த பெரிய ஏற்றத்தாழ்வு, கஞ்சியின் சின்ன வித்தியாசத்தை மூடி மறைத்துவிட்டது.

உண்மையில் அவை ஜோடிகள். அதே தறி, முன்னும் பின்னும். தறி தறியாகக் கழித்துப் பாருங்கள்: 2, 1, 2, 2, 1. ஐந்துமே ஏற்றம்! வித்தியாசத்தின் சராசரி 1.6. அதன் திட்ட விலக்கம் 0.55. ஜோடி டி டெஸ்ட் போட்டால் 6.5 வருகிறது. அட்டவணை கேட்பது 2.776 மட்டுமே. அதே எண்கள், அதே மாமா, அதே நோட்டு. டெஸ்ட் மாறியதும் விடை தலைகீழ்.

மாமாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டுக் கேட்டார், ஒன்றரை மீட்டர் கூடுதல் என்றால் புதுக் கஞ்சிக்கு ஆகிற கூடுதல் செலவு கட்டுமா என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பியர்சனிடம் மகலனோபிஸ் எழுப்பிய அதே இரண்டாவது கேள்வி! இருக்கிறதா என்பதற்கு மட்டும்தான் டெஸ்ட் பதில் சொல்லும். எவ்வளவு, அது போதுமா என்பதை மீட்டரிலும் ரூபாயிலும்தான் பார்க்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. மறு வாரம் காற்றில் ஈரம் கூடியிருந்தால் நூல் அறுவது குறைந்து, அந்தப் பெருமையைக் கஞ்சி தட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆகவே இந்தத் தடவை, எந்தத் தறிக்கு எந்தக் கஞ்சி முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, மறுபடி ஓட்டிப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். புது நோட்டு ஒன்றும் வாங்கியாகிவிட்டது.

தேர்வுக்கும் பிராஜெக்ட்டுக்கும் உதவும் என்பதால், சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் நான் இப்போது கேட்டுக்கொள்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. எத்தனை கூட்டம்? ஒரே கூட்டத்தின் சராசரியைக் குறிப்பிட்ட ஓர் எண்ணோடு ஒப்பிட்டால் ஒற்றை மாதிரிச் சோதனை. இரண்டு என்றால் அடுத்த கேள்வி. மூன்றும் அதற்கு மேலும் என்றால் அனோவா.

2. ஜோடியா, தனியா? அதே ஆள், அதே தறி, அதே இயந்திரம் இரண்டு தடவை அளக்கப்பட்டிருந்தால் ஜோடி டி டெஸ்ட்.

3. முழுத் தொகுதியின் திட்ட விலக்கம் முன்கூட்டியே தெரியுமா? தெரிந்தால் இசட். தெரியாமல், கையிலுள்ள அளவுகளிலிருந்தே கணித்தால் டி. அளவுகள் நிறைய இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விடை தரும்.

4. தனித்தனி இரண்டு கூட்டங்களின் சிதறலும் ரொம்ப வேறுபடுகிறதா? அப்படியானால் சிதறலைச் சேர்த்துக் கணக்கிடாமல் வெல்ச் முறை.

5. அளவுகள் கொஞ்சமே இருந்து, அதிலும் ஒன்றிரண்டு எங்கோ தனியாகத் துள்ளி நிற்கிறதா? அப்போது எண்களை வரைந்து பார்க்காமல் டி டெஸ்ட் பக்கமே போகாதே.

6. விடை வந்த பிறகு, வித்தியாசம் எவ்வளவு? அதனால் யாருக்கு என்ன?

நண்பர்களே, கான்கிரீட் கன சதுரத்தை உடைத்துப் பார்ப்பவர்களும், லேத்தில் கடைந்த தண்டின் விட்டத்தை அளப்பவர்களும், நாளைக்குத் தொழிற்சாலையில் இரண்டு சராசரிகளை வைத்துக்கொண்டு முடிவு சொல்லப்போகிறவர்களும் நாம்தான். நம் பேச்சை நம்பி யாரோ பணம் போடுவார்கள், யாரோ வேலையை மாற்றுவார்கள். அன்றைக்கு எண்கள் எப்படி எடுக்கப்பட்டன என்று ஒரு நிமிஷம் விசாரித்துவிட்டுப் பிறகு கால்குலேட்டரைத் தட்டுவோம். கல்கத்தாக்காரருக்கு அம்மையார்குப்பத்து மாணவன் செலுத்தும் நன்றி அதுவாக இருக்கட்டும்.